டோலிக்காரர் கஜபதியின் ஒரே பொய்

திருத்தணி மலையில் டோலி தூக்குகிறவர்கள் பதினாறு பேர் இருந்த காலத்தில் கஜபதி அவர்களில் நடுத்தரம். அவரைவிட வேகமாகப் படியேறுகிறவர்கள் இருந்தார்கள். அவரைவிட அதிகக் கனம் தாங்குகிறவர்களும் இருந்தார்கள். பொய் சொல்வதில் மட்டும் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. ஒரே ஒரு பொய்தான். அதை இருபத்தாறு வருஷமாக அலுக்காமல் சொல்லிக்கொண்டிருந்தார்.

டோலியில் உட்காருகிறவர் யாராக இருந்தாலும் சரி, நூறாவது படி தாண்டுவதற்குள் ஒரு கேள்வி கேட்டுவிடுவார். "ரொம்பக் கனமா இருக்கேனாப்பா?" மூங்கில் தோளை அறுக்க, வியர்வை கண்ணில் வழிய, கஜபதி சொல்வார்: "இன்னாங்க நீங்க, பூ மாதிரி இருக்கீங்க." எட்டு மணங்கு எடை இருந்த ஒரு நெல் மண்டிக்காரரிடமும் இதையேதான் சொன்னார். அந்த மனிதர் அதை அப்படியே நம்பி, மலைமேல் இரண்டு தொன்னை பொங்கல் கூடுதலாகச் சாப்பிட்டுவிட்டு இறங்குவதற்கும் இவரையே கூப்பிட்டார்.

டோலிக்காரர்களுக்கென்று சில மரியாதைகள் உண்டு. ஆளைப் பார்த்த மாத்திரத்தில் கண்ணாலேயே எடை போட்டுவிட வேண்டும். ஏழு மணங்குக்கு மேல் என்றால் தோள் மாற்ற மூன்றாவது ஆள் வேண்டும். ஆனால் அதை வாய்விட்டுச் சொல்லக் கூடாது. கூட்டாளியிடம் மூன்று விரலை மடக்கிக் காட்டுவதோடு சரி. இறங்கும்போது டோலியைத் திருப்பிப் பிடித்து, உட்கார்ந்திருப்பவர் முகம் மலையைப் பார்த்தபடியே இறக்க வேண்டும். சாமிக்கு முதுகு காட்டக் கூடாது என்பார்கள். கீழே பார்த்தால் வயசானவர்களுக்குத் தலை சுற்றும் என்பதையும் அவர்கள் அறியாமல் இல்லை.

இப்படிப்பட்ட கஜபதி, நாற்பத்தேழாம் வருஷம் மாசி மாதம், தன் பக்கத்து மூங்கிலைக் கூட்டாளி வீரபத்திரனிடம் ஒப்படைத்துவிட்டுப் பட்டணத்துக்குக் கிளம்பினார். நாற்பத்தெட்டு வயதில் அதுதான் முதல் பயணம். பட்டணம் பார்க்கும் ஆசை ஒன்றும் இல்லை. அவருடைய ஒரே மகள் அம்மு ராயபுரத்தில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். இப்போது ஏழு மாதம். தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு அழைத்து வர வேண்டும்.

தாய் வீடு என்று சொல்ல அங்கே தாய் இல்லை. கஜபதியின் மனைவி கௌரியம்மாள் போய் மூன்று வருஷம் ஆகியிருந்தது. காய்ச்சலில் கிடந்தபோது, அம்முவுக்குக் கல்யாணம்கூட ஆகாத நேரத்தில், அவள் சொன்ன கடைசிப் பேச்சு இதுதான்: "அம்முவோட மொதப் பிரசவம் நம்ம வூட்லதான் நடக்கணும். நான் இல்லன்னு வுட்டுடாத." கஜபதி தலையாட்டியிருந்தார். இப்போது சம்பந்தி வீட்டுக்கு இரண்டு கார்டு எழுதிப் போட்டும், "யோசித்துச் சொல்கிறோம்" என்ற ஒற்றை வரிதான் பதிலாக வந்தது. வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்து, இரண்டு வீடு தள்ளியிருந்த மருத்துவச்சியிடம் சொல்லிவைத்து, ஒரு கறவை மாட்டுக்கும் ஏற்பாடு செய்துவிட்டு, கார்டுக்குப் பதிலாக ஆளே கிளம்பிவிட்டார்.

அரக்கோணத்தில் வண்டி மாறி, சென்ட்ரலில் இறங்கி வெளியே வந்தபோது வெயில் உச்சியில் இருந்தது. கஜபதி கண்ட கூட்டமெல்லாம் ஆடிக் கிருத்திகைக் கூட்டம்தான். அது எத்தனை லட்சமானாலும் ஒரே திசையில் போகும், ஒரே பெயரைச் சொல்லிக்கொண்டு போகும். இங்கே ஆளுக்கொரு திசையில் ஓடினார்கள். ரிக்‌ஷா, ஜட்கா, பஸ், நடுவில் மணியடித்துக்கொண்டு ட்ராம். இவ்வளவு பேரும் யாரைப் பார்க்கப் போகிறார்கள் என்று அவருக்கு உண்மையாகவே கவலையாக இருந்தது.

ட்ராம் நிற்கும் இடத்தில் கோட்டுப் போட்ட ஒரு பெரியவர், படியில் கால் வைக்க முடியாமல் தடுமாறிக்கொண்டிருந்தார். கஜபதிக்குக் கை சும்மா இருக்குமா? பின்னாலிருந்து இரண்டு கையாலும் அணைத்து, ஒரு மூச்சில் தூக்கி உள்ளே வைத்துவிட்டார். பெரியவர் முதலில் தன் சட்டைப்பையைத் தடவிப் பார்த்தார். பர்ஸ் இருந்தது. அப்புறம்தான் திரும்பி, "யாருய்யா நீ?" என்றார்.

"டோலிங்க, திருத்தணி," என்றார் கஜபதி, அது போதுமான பதில் என்ற நினைப்பில்.

ராயபுரத்தில் இறங்கிச் சந்து சந்தாக விசாரித்து நடந்ததில் கெண்டைக்கால் இரண்டும் பிடித்துக்கொண்டன. ஒரு நாளைக்கு நாலு தரம் மலையேறுகிற கால், சமதரையில் ஒரு மைல் நடக்க முடியாமல் நின்று நின்று போயிற்று. கடைசியில் வீடு அகப்பட்டது. கீழே கயிற்றுக் கிடங்கு, மேலே குடித்தனம். இரண்டுக்கும் நடுவில் செங்குத்தாக ஒரு மரப்படிக்கட்டு.

படியைக் கண்டதும் கஜபதிக்கு நிம்மதியாயிற்று. செருப்பைக் கழற்றிக் கீழேயே ஓரமாக வைத்தார். முதல் படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். எண்ணிக்கொண்டே ஏறினார். இருபத்துமூன்று.

கதவைத் திறந்தவள் அம்மு. "நைனா," என்றாள். கஜபதியின் கண் தன்னால் எடை போட்டது: ஐந்தேகால் மணங்கு. கல்யாணத்தன்று ஐந்துதான் இருந்தாள். மீதிக் கால் மணங்கு யாரோ தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டார்.

உள்ளே கட்டிலில் இருந்த அம்முவின் மாமியார் தாயாரம்மாள், சம்பந்தி வந்திருக்கிறாரே என்று சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். கல்யாணத்துக்கு வர முடியாதவள், கஜபதி அவளைப் பார்ப்பது இதுதான் முதல் தடவை. நல்ல வாட்டசாட்டமான அம்மாள். முழங்கால் இரண்டும் வீங்கி மடங்க மறுத்தன. அவள் எழுந்து நிற்பதற்குள் கஜபதியின் கண் தலை முதல் கால் வரை போய் வந்துவிட்டது. மூன்று விரலைக் காட்ட வீரபத்திரன் பக்கத்தில் இல்லை. அதனால் அது வாய் வழியாக வந்துவிட்டது.

"மூணு ஆளு வேணும்," என்றார் கஜபதி.

அம்மு கண்ணை மூடிக்கொண்டாள்.

"இன்னா சொன்ன?" என்றாள் தாயாரம்மாள்.

"ஒண்ணுமில்லீங்க, சம்பந்தியம்மா."

"மூணு ஆளுன்னு சொன்ன. என் காதுல வுழுந்துச்சு. என்னைத் தூக்கிகினு போவவா? அதுக்குக்கூட நாலு ஆளு வேணுமே, சம்பந்தி. நான் இன்னும் சாவல."

கஜபதி ஏதேதோ சொல்லிப் பார்த்தார். எதுவும் எடுபடவில்லை. அவர் கொண்டுவந்திருந்த வேர்க்கடலை மூட்டை, வெல்லம், மலைப் பிரசாதம் எல்லாம் தரையில் அப்படியே கிடந்தன. தாயாரம்மாள் கட்டிலில் திரும்ப உட்கார்ந்து தீர்ப்பைச் சொன்னாள்: "பொம்பள இல்லாத வூட்டுக்கு ஏழு மாசக்காரிய நான் அனுப்பறதா இல்ல. பிரசவம் இங்கியே நடக்கும். வந்தது வந்துட்ட, சாப்ட்டுட்டு நாளைக்கு வண்டி ஏறு."

சோறு இறங்கவில்லை. காற்றாட நிற்கலாம் என்று கீழே வந்தால் செருப்பைக் காணோம். கிடங்கு வாசலில் இருந்தவரிடம் கேட்டதற்கு அவர், "படியாண்ட வுட்டுட்டா போன?" என்று கேட்டுவிட்டு, மேற்கொண்டு அனுதாபப்படக்கூட நேரமில்லாமல் கயிற்றைச் சுற்றிக்கொண்டிருந்தார். திருத்தணியில் ஆயிரம் ஜோடி கிடக்கும் இடத்தில் ஒன்று தொலைந்ததில்லை. கஜபதி வெறுங்காலோடு படியில் உட்கார்ந்தார். இருபத்தாறு வருஷமாகக் காப்பாற்றிய வாய், தேவைப்பட்ட ஒரே நாளில் கவிழ்த்துவிட்டதே என்று தன்னையே நொந்துகொண்டார். கௌரியம்மாளுக்குத் தலையாட்டியது வேறு நெஞ்சில் வந்து நின்றது.

சற்று நேரம் கழித்து அம்மு மெல்ல இறங்கிவந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அத்தை மேல கோவிச்சுக்காத, நைனா. மனசுல ஒண்ணுமில்ல. அவங்க இந்தப் படி எறங்கி மூணு வருஷமாச்சு."

"மூணு வருஷமா?"

"ஆங். ஜப்பான்காரன் குண்டு போடுவான்னு பட்டணமே காலியாச்சே, அப்போ அவங்களும் போயிட்டாங்களாம். திரும்பி வந்தா பழைய வூட்ல வேற யாரோ. அலைஞ்சு திரிஞ்சு இந்த மாடிதான் கெடைச்சுது. ஏறினவங்கதான். அப்பறம் முட்டி புடிச்சுகிச்சு. அவர் காலைல துறைமுகம் போனா சாயந்தரம்தான் வராரு. நானும் போயிட்டா பகலெல்லாம் ஒண்டியா கெடக்கணும். தண்ணி மொண்டு குடுக்கக்கூட ஆள் இல்ல. அந்த பயம்தான். வாயத் தொறந்து சொல்ல மாட்டாங்க."

கஜபதிக்கு இது புது விஷயமில்லை. டோலியில் உட்கார்ந்து, மெதுவாகப் போ, மெதுவாகப் போ என்று அதட்டுகிறவர்களை அவர் ஆயிரக்கணக்கில் பார்த்தவர். அவர்களுக்கு விழுந்துவிடுவோம் என்ற பயம் அவ்வளவாக இருக்காது. அடுத்தவருக்குப் பாரமாகிவிட்டோமே என்ற கூச்சம்தான் அதட்டலாக வரும். இத்தனை தெரிந்தவர் இன்று அந்த அம்மாளின் முகத்துக்கு நேராகவே எடையைச் சொல்லியிருக்கிறார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மாப்பிள்ளை பரசுராமனுக்கு விடுமுறை. துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். நல்ல பிள்ளை, தாய் சொன்னால் குறுக்கே பேசாதவர். விடிந்ததும் விடியாததுமாக மாமனார் தன்னை எழுப்பி இரண்டு மூங்கில் கழி எங்கே கிடைக்கும் என்று கேட்டதும் அவருக்கு ஒன்றும் புரியவில்லை. கழி கிடைத்தது. கிடங்குக்காரர் ஒரு பழைய மர நாற்காலியும் கொச்சக்கயிறும் கொடுத்தார். செருப்பு போன வகையில் அவருக்கும் கொஞ்சம் மனசு உறுத்தியிருக்க வேண்டும். கஜபதி முடிச்சுப் போட்டதைப் பார்த்து, கயிறு விற்கிறவரே பக்கத்தில் வந்து நின்று கவனித்தார்.

நாற்காலியோடு மேலே வந்தவரைத் தாயாரம்மாள் ஏற இறங்கப் பார்த்தாள். பார்வை காலில் வந்து நின்றது.

"நேத்து செருப்பு போட்டுகினு வரல?"

"வந்தேங்க. படியாண்ட வுட்டுட்டு ஏறினேன். போயிடுச்சு."

"பட்டணத்துல யாராச்சும் செருப்ப கீழ வுட்டுட்டு மாடி ஏறுவாங்களா?"

"எங்க ஊர்ல படின்னாலே அப்படித்தாங்க ஏறுவோம். மேல இருக்கறது சாமின்னுதான் பழக்கம்."

தாயாரம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்து முடியாமல், கட்டில் கிறீச்சிடச் சிரித்தாள். "சாமியா? நல்லா பாத்த போ, இந்த மாடில சாமிய," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் கஜபதி சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டார்.

"நேத்து சொன்னது கேலி இல்லீங்க, சம்பந்தியம்மா. யாரப் பாத்தாலும் எத்தினி தோளு வேணும்னு கண்ணு கணக்குப் போடும். தொழிலு அப்படி. வெளில சொல்லக் கூடாது, சொல்லிட்டேன். தப்புதான். சமுத்திரம் இங்கேர்ந்து எவ்ளோ தூரம்?"

"ரெண்டு தெரு."

"பாத்து எத்தினி நாளாச்சு?"

தாயாரம்மாள் ஜன்னல் பக்கம் திரும்பினாள். இந்த வீட்டு ஜன்னலில் எதிர் வீட்டுச் சுவர்தான் தெரியும். கப்பல் ஊதுவது மட்டும் கேட்கும்.

"குந்துங்க. நானும் மாப்பிள்ளையும் தூக்கிகினு போறோம்."

"மூணு ஆளு வேணும்னியே."

"ரெண்டே போதுங்க."

எத்தனையோ மறுத்துப் பார்த்தாள். வீதியில் போகிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்றாள், பரசுராமனுக்குப் பழக்கமில்லை என்றாள். சொல்லிக்கொண்டே புடவையை மாற்றித் தலை வாரிக்கொள்ள அம்முவைக் கூப்பிட்டாள். எட்டு மணிக்கு டோலி கிளம்பியது.

கீழ்ப்பக்கம் கஜபதி, மேல்பக்கம் பரசுராமன். பழக்கம் விடவில்லை, நாற்காலியைத் திருப்பி, தாயாரம்மாளின் முகம் மேலே பார்த்தபடிதான் கஜபதி இறக்கினார். ஆகவே அந்த அம்மாள் முதுகுப்புறமாக இறங்கினாள். படிக்குப் படி அவளுடைய வீட்டு வாசல் உயரே போய்க்கொண்டிருந்தது. நிலைப்படியில் அம்மு வயிற்றில் கை வைத்து நின்றாள். மூன்று வருஷமாக உள்ளேயிருந்தே பார்த்த வாசலைத் தாயாரம்மாள் இப்போதுதான் வெளியிலிருந்து பார்த்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள், கண்ணில் நீர் நின்றது.

"கிரேன்ல இதுல பாதி சிரமம்கூட இல்ல, மாமா," என்று மேலிருந்து பரசுராமன் மூச்சிரைத்தார்.

"பேசாதீங்க, மாப்பிள்ள. மூச்சு போவும்."

பன்னிரண்டாவது படியில், உலகத்தில் எல்லோரும் கேட்கிற கேள்வியைத் தாயாரம்மாளும் கேட்டாள். "கனமா இருக்கேனா, சம்பந்தி?"

"பூ மாதிரி இருக்கீங்க."

"நேத்து மூணு ஆளு, இன்னிக்கி பூவா?"

"நேத்து கண்ணு சொல்லிச்சு. இன்னிக்கி தோளு சொல்லுதுங்க."

சந்து முழுக்கக் கூடிவிட்டது. தாயாரம்மாள் செத்துப்போய்விட்டதாகவே நினைத்திருந்த ஒரு மீன்காரி, கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கூடவே கடற்கரை வரைக்கும் பேசிக்கொண்டு வந்தாள். மணலில் நாற்காலியை வைத்தபோது பரசுராமனின் கால் வெடவெடவென்று ஆடியது. தாயாரம்மாள் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் புருஷன் சரக்குப் படகில் இருந்தவர். புயலில் போகவில்லை, வயிற்று வலியில்தான் போனார். ஆனாலும் அவர் நினைப்பு அவளுக்கு இங்கேதான் வரும் என்பதைப் பரசுராமன் தாழ்ந்த குரலில் மாமனாரிடம் சொன்னார்.

கஜபதியும் அன்றுதான் கடலைப் பார்த்தார். பெரியதுதான். இவ்வளவு பெரியதற்கு ஏறிப் போக ஒரு படி இல்லையே என்று அவருக்குக் கொஞ்சம் குறையாக இருந்தது.

கடைசியில் தாயாரம்மாளே பேச்சை எடுத்தாள். "உன் பொண்ணு போயிட்டா எனக்கு யார் இருக்கா, சொல்லு. நேத்து வாய்ல வந்தது, பொம்பள இல்லாத வூடுன்னு சொல்லிட்டேன். நெசம் இதுதான்."

"பொம்பள இல்லாத வூடுதாங்க. அதுவும் நெசந்தான். அதனாலதான் கேக்கறேன், நீங்களும் வாங்க."

"எங்க?"

"திருத்தணிக்கு. அம்மு கூட. வூட்ல ஒரு பொம்பள இருந்த மாதிரியும் ஆச்சு, நீங்க இங்க ஒண்டியா இல்லாத மாதிரியும் ஆச்சு."

"பொண்ணு எடுத்த வூட்ல போயி மாசக்கணக்குல குந்திகினா ஊரு சிரிக்காதா, சம்பந்தி?"

"சிரிக்கட்டும்ங்க. அவ அம்மா இருந்திருந்தா நான் கேட்டிருக்க மாட்டேன். இல்ல. அதான் கேக்கறேன்." கஜபதி நாற்காலியின் முடிச்சை ஒரு தரம் இழுத்து இறுக்கினார். "எங்க வூட்டுக்கு ஒரே ஒரு படிதாங்க," என்றார்.

டோலி திரும்பி வந்தபோதும், இருபத்துமூன்று படி ஏறியபோதும் தாயாரம்மாள் அதற்குப் பதில் சொல்லவில்லை. கஜபதிக்கு அன்று முழுக்கப் போன உயிர் வரவில்லை. மறுநாள் காலை எழுந்து பார்த்தால் வாசலில் ஒரு தகரப்பெட்டி, அதன்மேல் ஒரு படுக்கைச் சுருட்டு, அதன்மேல் ஒரு ஜோடி செருப்பு. "எங்க வூட்டுக்காரருது, சும்மாத்தான் கெடந்துச்சு. போட்டுக்க. வெறுங்காலோட சம்பந்தி நடந்தா எனக்குத்தான் அசிங்கம்," என்று உள்ளேயிருந்து தாயாரம்மாள் குரல் வந்தது. "எத்தினி மணிக்கு வண்டி?"

ஊர் சிரிக்கத்தான் செய்தது. சிரித்த பெண்களையெல்லாம் தாயாரம்மாள் பத்தே நாளில் வாசலுக்கு வரவழைத்து, சுக்கு இடிக்கவும் பழைய துணி கிழிக்கவும் வைத்துவிட்டாள். வைகாசியில் பெண் குழந்தை பிறந்தது. மருத்துவச்சி குழந்தையைக் கொண்டுவந்து முதலில் தாயாரம்மாள் மடியில் போட்டாள். என்ன பேர் வைக்கலாம் என்று பரசுராமன் கேட்டபோது, இதெல்லாம் கேட்க வேண்டுமா என்கிற மாதிரி அவள் சொன்னாள்: "கௌரி."

கஜபதி எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவதாகச் சொல்லிக் கொல்லைப்புறம் போனார். மாடு அப்போதுதான் குடித்திருந்தது.

ஆவணியில், சுதந்திரக் கொடி ஏற்றியபோது கட்டிய தோரணங்கள் சன்னதித் தெருவில் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தபோது, குழந்தையை மலைக்கு எடுத்துப் போனார்கள். தாயாரம்மாள் டோலியில். வீரபத்திரன் அவளை ஒரு பார்வை பார்த்தார், வாயை இறுக்கி மூடிக்கொண்டு மூன்று விரலை மடக்கிக் காட்டினார். பரசுராமன் சிரித்துக்கொண்டே தானும் ஒரு தோள் கொடுத்தார். அம்மு பக்கத்தில் நடந்தாள். கஜபதி அன்றைக்கு மூங்கிலைத் தொடவில்லை. பேத்தியைத் துணியில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு முன்னால் ஏறினார்.

நூறு படி வரைக்கும் ஒன்றுமில்லை. குழந்தை விழித்துக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டு வந்தது. நெற்றியும் அந்தப் புருவமும் அப்படியே கௌரியம்மாள். இருநூறாவது படியருகே கஜபதி நின்றார். இருபத்தாறு வருஷத்தில் சுமைதாங்கிக் கல் இல்லாத இடத்தில் அவர் ஒரு தடவைகூட நின்றதில்லை. பின்னால் வந்த டோலியும் நின்றது.

"இன்னா சம்பந்தி, நின்னுட்ட?" என்றாள் தாயாரம்மாள். "புள்ள கனமா இருக்குதா?"

வீரபத்திரனுக்குப் பதில் தெரியும். பரசுராமனுக்கும் தெரியும். இருவரும் சிரிக்கத் தயாராக நின்றார்கள்.

"ஆங்," என்றார் கஜபதி. "ரொம்பக் கனங்க."

அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். அவராக எழுந்திருக்கும் வரை யாரும் அவரை அவசரப்படுத்தவில்லை.